‘இன்டர்ன்’ என்று பெயர் மாற்றிவிட்டால் சம்பளம் கிடையாதா?

குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து 22 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். எம்.ஏ. தமிழ் படிக்கிறார், அப்பாவுக்குத் தறி வேலை. யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலூரில் ஒரு தனியார் அறக்கட்டளை. வருடத்துக்கு இரண்டு முறை பண்பாட்டு விழா நடத்துகிறது. பழைய ஏடுகள், கூத்து நோட்டுகள், கேசட்டுகள், போட்டோக்கள் சேர்த்து ஓர் ஆவணக் காப்பகமும் வைத்திருக்கிறது. சென்ற பங்குனியில் ஆற்காட்டு ஏஜென்ட் ஒருவர் மூலம் இவர் விழா வேலையில் சேர்ந்தார். நாளுக்கு 550 ரூபாய், 45 நாள் என்று வாய்ப்பேச்சு. ஆரணிப் பக்கம் பத்து நாள் விழா நடந்தபோது காலை 8 மணிக்குத் தொடங்கிய வேலை இரவு 11 மணிக்குத்தான் முடிந்தது. இதுவரை கைக்கு வந்த பணம் 13,000 ரூபாய்.

விழா முடிந்ததும், “காப்பகத்துல ரெண்டு மாசம் இரும்மா, இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் தர்றோம்” என்றார்கள். வைகாசியும் ஆனியும் ஸ்கேன் எடுப்பது, பட்டியல் போடுவது, கேசட்டில் இருப்பதைக் கேட்டு எழுதுவது என்று போயின. சம்பளம் கிடையாது. சேரும்போது வாங்கி வைத்த பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் ஒரிஜினல் இன்னும் அவர்களிடமே இருக்கிறது. இப்போது தை மாத விழாவுக்குக் கூப்பிடுகிறார்கள். “பழைய பாக்கியை அதுல சேர்த்துக் குடுத்துடலாம்” என்கிறார் ஏஜென்ட். “பெரிய இடம், நமக்கு எதுக்கு வம்பு? மூணு சீசன் போனா பர்மனென்ட் ஆக்கிடுவாங்க” என்கிறார் அப்பா. இன்டர்னுக்கு உரிமை எதுவும் இல்லையா, தைக்குப் போகலாமா என்று கேட்கிறார் வாசகி.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி. ஊர்க் கூத்து வாத்தியார், இவருக்குப் பெரியப்பா முறை, ஸ்கேன் எடுத்துத் தரச் சொல்லி ஒரு நோட்டை இவரிடம் கொடுத்திருக்கிறார். காப்பகம் இப்போது, “அது நன்கொடையா வந்தது” என்று திருப்பித் தர மறுக்கிறது.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். சம்பளம் கேட்க உங்களுக்கு மூன்று வருட அவகாசம் இருக்கிறது. நோட்டு விஷயத்தில் நீங்களும் வாத்தியாரும் பேசாமல் இருக்கிற ஒவ்வொரு மாதமும் ‘நன்கொடை’ என்ற அவர்கள் பேச்சுக்குத்தான் பலம் சேர்க்கும்.

வாத்தியார் நோட்டு

நான் செய்யாறு பக்கம் வளர்ந்தவன். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கமும் ராத்திரியில் கூத்துமாக ஊரே தூக்கம் கெட்டுக் கிடக்கும். எங்கள் ஊர் ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், வாத்தியார் தன் நோட்டைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, முகவீணை ஊதுகிறவர் பக்கத்தில்கூட வைக்காமல் மடியிலேயே வைத்திருப்பார். விருத்தம், தரு என்ற பாட்டுகள், வசனம் எல்லாம் அதில்தான். கூத்துக்குப் பேர்போன புரிசை போன்ற ஊர்களின் பெயர் வெளிநாட்டு மேடைவரை போயிருக்கிறது. பெயர் வெளியே தெரியாத ஜமாக்களுக்கு அந்த நோட்டுதான் சொத்து. அதை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார் என்றால் அவர் காப்பகத்தை நம்பிக் கொடுக்கவில்லை, உங்களை நம்பிக் கொடுத்தார்.

சட்டத்தைப் பார்ப்போம். ஒரு வேலைக்காகப் பொருளை ஒப்படைத்தால், அந்த வேலை முடிந்ததும், கேட்காமலேயே அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 160. ஸ்கேன் முடிந்துவிட்டது. நோட்டு வாத்தியாருடையது. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. வீடு, நிலம் போல அல்லாமல், அசையும் பொருளை நன்கொடை தரப் பத்திரம் தேவையில்லை. கொடுக்கும் எண்ணத்தோடு கையில் கொடுத்தாலே செல்லும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதனால் கொடுத்தபோது என்ன எண்ணத்தில் கொடுத்தார் என்பதற்குச் சாட்சி வேண்டும். நோட்டைக் கொண்டுபோன அன்று அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளருக்கு “ஸ்கேன் பண்ணிட்டு வெள்ளிக்கிழமை பெரியப்பாகிட்ட குடுக்கணும் அண்ணா” என்று வாட்ஸ்அப்பில் போட்டேன் என்கிறீர்களே, அதுதான் உங்களிடம் இருக்கிற நல்ல சாட்சி. அந்த உரையாடலை அழிக்காதீர்கள். போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டம், பிரிவு 63-இன்படி ஒரு சான்று இணைக்க வேண்டும். மூலப் பதிவு இருக்கும் போன் கையில் இருந்தால் அது எளிது.

நோட்டைக் கேட்டு எழுத வேண்டியவர் வாத்தியார்தான். அவர் கையெழுத்தில் ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்த நோட்டு, எத்தனை பக்கம், எப்போது, எதற்காகக் கொடுத்தது, எத்தனை நாளுக்குள் வேண்டும். ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். (பழைய பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது.) அவர்கள் எழுத்தில் மறுத்தால் அதுவும் நல்லதுதான். வழக்குப் போட, மறுத்த நாளிலிருந்து மூன்று வருடம் கணக்கு.

ஸ்கேன் எடுத்ததாலேயே நோட்டில் உள்ளதெல்லாம் அவர்களுக்குச் சொந்தமாகிவிடாது. பரம்பரையாக ஆடிவரும் பழைய பாட்டுக்கு இன்று யாரும் தனி உரிமை கொண்டாட முடியாது. ஆனால் வாத்தியார் தானே கட்டிச் சேர்த்த விருத்தங்களுக்குக் காப்புரிமை அவருக்குத்தான். அதை மாற்றிக் கொடுக்க அவர் கையெழுத்துப் போட்ட எழுத்து வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. அவர் பாடிக்காட்டியதை நீங்கள் பதிவு செய்து கொடுத்ததாகவும், அது இணையத்தில் ஏறிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதிலும் அவருக்குக் கலைஞர் உரிமை உண்டு. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் அந்த உரிமையை 50 வருடத்துக்குத் தருகிறது. அவரைக் கேட்காமல் ஏற்றியதை இறக்கச் சொல்லலாம். ‘இருக்கட்டும், என் பேரும் ஊர்ப் பேரும் போடு, பணத்துக்கு விற்காதே’ என்று நிபந்தனையும் வைக்கலாம். எது வேண்டும் என்று அவரைக் கேளுங்கள். பல வாத்தியார்கள் இரண்டாவதைத்தான் விரும்புவார்கள்.

பெயரும் வேலையும்

இனி உங்கள் விஷயம். இன்டர்ன் என்றாலே ஊதியச் சட்டத்துக்கு வெளியே என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத்தொகுப்பு, பயிற்சிக்கு வருவோரில், பழகுநர்கள் சட்டம் 1961-இன்கீழ் முறையாகச் சேர்க்கப்பட்ட பழகுநரை மட்டுமே ‘பணியாளர்’ என்ற சொல்லிலிருந்து விலக்குகிறது. அப்படிச் சேர்த்தால் ஒப்பந்தம் இருக்கும், பதிவு இருக்கும், உதவித்தொகையும் இருக்கும். உங்களிடம் இருப்பதோ கழுத்தில் மாட்டிய ஓர் அட்டை மட்டும்.

அதற்காக வைகாசி, ஆனி சம்பளம் நிச்சயம் கிடைக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஊதியத்துக்கு அமர்த்தப்பட்டவர் என்று நீங்கள் காட்ட வேண்டும். ‘சம்பளம் கிடையாது’ என்று அவர்கள் சொன்னதற்கு ‘சரிங்க சார்’ என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அதைத் தூக்கிக் காட்டுவார்கள். உங்கள் பக்கத்துக்கும் பேச விஷயம் இருக்கிறது. முன்பு சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்த வேலையையே நீங்கள் செய்தீர்களா? ஏடு துடைப்பதை, அட்டவணை போடுவதை உட்கார்ந்து கற்றுக்கொடுத்த ஆள் யாராவது இருந்தாரா? கல்லூரியிலிருந்து இன்டர்ன்ஷிப்புக்குக் கடிதம் போனதா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் கேள்விக்கு ஆமாம், மற்ற இரண்டுக்கும் இல்லை. அப்படியானால் அதைப் பயிற்சி என்பது கடினம். சட்டப்படி சேரவேண்டிய தொகையை விட்டுக்கொடுப்பதாகப் பணியாளர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. மனுவில் இதைக் கேளுங்கள், ஆனால் இரண்டாவது கோரிக்கையாக.

ஒருங்கிணைப்பாளர் அமெரிக்காவில் நடக்கும் பெரிய நாட்டார் விழாவை உதாரணம் காட்டினாராம். வாஷிங்டனில் 1967 முதல் நடக்கும் ஸ்மித்சோனியன் விழாவைத்தான் சொல்கிறார் போல. அங்கே விழாக் காலத்துக்கு மட்டும் சம்பளத்துக்கு எடுக்கும் ஆட்கள் வேறு, பயிற்சிக்கு வரும் மாணவர்கள் வேறு. எதுவானாலும் அந்த ஊர்ச் சட்டம் காட்பாடிப் பாலத்தைத் தாண்டி வராது.

உறுதியான தொகை

விழா நாட்களுக்கான பாக்கியில் எனக்குச் சந்தேகமே இல்லை. 45 நாளுக்கு 24,750 ரூபாய். வந்தது 13,000 போக மீதி 11,750. எட்டு மணி நேரத்தை ஒரு நாள் வேலையாக வைத்தால் உங்கள் ஒரு மணி நேரக் கூலி 68 ரூபாய் 75 காசு. கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு, அதாவது 137 ரூபாய் 50 காசு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்தைக் கழித்தாலும் விழாவின் பத்து நாளும் தினம் ஆறு மணி நேரம் கூடுதலாக நின்றிருக்கிறீர்கள். அது 8,250. இரண்டும் சேர்த்து 20,000 ரூபாய். 550 என்பதே உங்கள் வேலைக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இருக்கிறதா என்று தொழிலாளர் துறைப் பட்டியலில் பாருங்கள். பஞ்சப்படி சேர்ந்து ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் அது மாறும். குறைவாக இருந்தால் வித்தியாசத்தையும் சேர்த்துக் கேட்கலாம்.

‘ஏஜென்டிடம் கேள்’ என்று அறக்கட்டளையும் ‘அவங்க எனக்கே தரல’ என்று ஏஜென்டும் மாறி மாறிச் சொல்வது பழைய விளையாட்டு. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுக்கான கட்டுமான வேலையில் இதுவே நடந்தது. அன்றைய தினக்கூலி 9 ரூபாய் 25 காசு. இடையில் இருந்த ஜமாதார்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். ஒப்பந்ததாரரைக் கைகாட்டிவிட்டு வேலை வாங்குகிறவர் தப்ப முடியாது என்றது உச்ச நீதிமன்றம். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்றும் சொன்னது. இன்றைய சட்டத்தொகுப்பிலும் ஏஜென்ட் தராவிட்டால் நிறுவனத்தின் உரிமையாளர் தர வேண்டும். பணம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர்களுடையதே, உங்களுடையது அல்ல. அதனால் மனுவில் இருவர் பெயரையும் போடுங்கள்.

மனு எங்கே கொடுப்பது? உங்கள் அப்பா ‘எல்லாம் வட ஆற்காடுதானே’ என்கிறார். அவர் வயதுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், என் அப்பாவும் கடைசிவரை சொன்னார். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. விழா நடந்த ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டம், ஏஜென்ட் இருக்கும் ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டம். அறக்கட்டளையின் அலுவலகமும் காப்பகமும் இருப்பது வேலூர் என்பதால், வேலூர் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கொடுங்கள். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பினால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அலைச்சல் பாதி குறையும்.

அதற்கு முன் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். பெண்களுக்கு வருமானக் கணக்கே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் பேசலாம். வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டு சமரசம் பேசவும் அவர்களால் முடியும். இருபதாயிரம் ரூபாய்க்கும் ஒரு நோட்டுக்கும் நான் முதலில் தேர்ந்தெடுப்பது அந்த வழியைத்தான்.

மதிப்பெண் பட்டியல், சான்றிதழ்

ஒரிஜினலைப் பிடித்து வைக்க அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, அதை அடமானம் போலப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. இன்டர்ன்ஷிப் சான்றிதழ் கதை வேறு. அதைக் கட்டாயப்படுத்தி வாங்க சட்டம் பெரிதாகக் கைகொடுக்காது. அதற்காகவே பாக்கியை விட்டுவிடலாம் என்று அப்பா நினைக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. நீங்கள் போட்ட பட்டியலின் நான்கு பக்க மாதிரியும், கேசட் கேட்டு எழுதிய இரண்டு பக்கமும் ஒரு கோப்பில் இருந்தால், நாளை சென்னையில் ஒரு நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ நேர்காணலுக்குப் போகும்போது அந்த ஒற்றைத் தாளைவிட அதற்கு மதிப்பு அதிகம். வெளியிடக்கூடாத பக்கங்களைத் தவிர்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

‘மூணு சீசனில் பர்மனென்ட்’ என்பதையும் மறந்துவிடுங்கள். 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழில் நிறுவனப் பணியாளருக்கு நிரந்தரம் பேசுகிறது. சீசனுக்கு 45 நாள் என்றால், மூன்று சீசன் கூட்டினாலும் 135.

எழுத முடியாத விஷயம்

மூன்றாம் பக்கத்தில், இரவு வேனில் திரும்பி வந்ததைப் பற்றி ‘சில விஷயங்களை எழுத முடியாது’ என்று நிறுத்தியிருக்கிறீர்கள். எழுத வேண்டாம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தற்காலிக ஆள், ஏஜென்ட் மூலம் வந்த ஆள், சம்பளமில்லாப் பயிற்சியாளர் எல்லோரையும் சேர்த்தே பேசுகிறது. நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடமே. கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். நிறுவனத்தில் இதற்கான புகார்க் குழு இல்லையென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. உங்கள் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சட்ட உதவிக்குப் போகும்போது பெண் வழக்கறிஞர் வேண்டும் என்று கேளுங்கள், அம்மாவையோ தோழியையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

தைக்குப் போகலாமா?

உங்களுக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. முகவீணை கேசட்டைப் பற்றி நீங்கள் எழுதிய பத்தியிலேயே அது தெரிகிறது. அதனால் போகவே போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பழைய பாக்கியைப் புதிய வேலையோடு முடிச்சுப் போட மட்டும் விடாதீர்கள். ‘சேர்த்துத் தருகிறோம்’ என்று சொல்லி இழுத்து, கடைசியில் ஒரு தொகையைக் கையில் கொடுத்து ‘எல்லாக் கணக்கும் முடிந்தது’ என்று கையெழுத்து வாங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

புகார் கொடுத்தால் இந்தத் துறையில் வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை. சின்ன வட்டம், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆகவே முதலில் மரியாதையாகக் கேட்போம். ஏஜென்டுக்கும் ஒருங்கிணைப்பாளருக்கும் ஒரே நேரத்தில் இப்படி ஒரு வாட்ஸ்அப் போடுங்கள்:

“வணக்கம் சார். தை விழாவுக்குக் கூப்பிட்டதுக்கு நன்றி. பங்குனி, சித்திரை வேலைக்கு 11,750 ரூபாயும் விழா நாள் கூடுதல் நேரத்துக்கு 8,250 ரூபாயும் பாக்கி இருக்கிறது. அதையும் என் பிளஸ் டூ ஒரிஜினலையும் பதினைந்து நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். காப்பகத்தில் வேலை செய்த இரண்டு மாதத்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். நோட்டு பற்றிப் பெரியப்பாவே கடிதம் அனுப்புகிறார். தை வேலைக்கு நாள் கூலி, நேரம், இரவில் திரும்ப வண்டி, பணம் தரும் தேதி நான்கையும் எழுதி அனுப்பினால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.”

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் சத்துவாச்சாரிக்கு பஸ் ஏறுங்கள். நோட்டை வாங்கப் போகும் நாளில் வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் பக்கத்தைப் புரட்டி எண்ணி முடிக்கும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.